கேஸ் அடுப்பை மாற்ற யாரிடம் கேட்க வேண்டும்?

கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து முக்கால் மணி நேரம் புலம்பினார். வீட்டில் வெந்நீர் ஹீட்டர் போய்விட்டது, கேஸில் ஓடுவது, புதிதாக ஒன்று மாட்ட வேண்டும். கடைக்காரர்களே ஆள் அனுப்பி மாட்டித் தருகிறார்கள், அதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் நகராட்சியில் பணம் கட்டி பெர்மிட் வாங்க வேண்டும், மாட்டி முடித்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து கையெழுத்துப் போட வேண்டும். வந்தவர், நிலநடுக்கத்தில் ஹீட்டர் சாயாமல் இருக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை ஒன்று சரியில்லை, மறுபடி மாட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். "ஒரு ஹீட்டர் மாத்துறதுக்கு இவ்வளவு கூத்தா மாப்ள? நம்ம சேலத்துல இப்படி ஏதாவது உண்டா?" என்றார். நானும் யோசிக்காமல் "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஒன்றும் கிடையாது என்பது பாதி உண்மைதான். பெர்மிட் என்ற பெயரில் ஒரு சீட்டு நம்மிடம் இல்லை, சரி. அனுமதி என்ற விஷயமே இல்லையா என்றால், இருக்கிறது, அது வேறு இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் நாம் எதற்கும் கேட்பதில்லை.

முதலில் அவர்கள் ஊர்க் கதையை முடித்துவிடலாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாக வைத்திருக்கும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் கேஸ் வேலைக்குப் பெர்மிட் வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. ஒரு சாதனத்தின் சின்ன உதிரிபாகத்தை மாற்றுகிறீர்கள், அதனால் அந்தச் சாதனத்துக்குக் கிடைத்த ஒப்புதல் மாறவில்லை, ஆபத்தும் வரவில்லை என்றால் பெர்மிட் தேவையில்லை. முழுச் சாதனத்தையே தூக்கிவிட்டு வேறு வைத்தால் தேவை. நள்ளிரவில் பழுதாகி உடனே மாற்றியே ஆக வேண்டிய நிலை என்றால் மாற்றிவிட்டு அடுத்த வேலை நாளில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். யோசித்துப் பார்த்தால் நியாயமான கோடுதான். பிரிட்டனில் கோட்டை வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். அங்கே வேலையைவிட ஆள் முக்கியம். கூலி வாங்கிக்கொண்டு கேஸ் வேலை செய்கிறவர் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் இருக்கிறவராக இருக்க வேண்டும், 2009 ஏப்ரலில் இருந்து இந்தப் பதிவேடுதான். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் வருடம் ஒருமுறை அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டுச் சோதித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இதை எங்கள் தெரு வீட்டு ஓனர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

நம் ஊரில் கோடு எங்கே? ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ரெகுலேட்டரோடு நிற்கிறது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்களுடையவை அல்ல. டெபாசிட் வாங்கிக்கொண்டு எண்ணெய் நிறுவனம் உங்களிடம் கொடுத்து வைத்திருப்பவை. டியூபும் அடுப்பும் உங்களுடையவை. கோட்டுக்கு அந்தப் பக்கம் கை வைக்க ஏஜென்சியைக் கேட்டே ஆக வேண்டும், இந்தப் பக்கம் யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் எதை வாங்குவது என்பதில் நிபந்தனை உண்டு. சேலம் மாநகராட்சிக்கு இதில் எந்த வேலையும் இல்லை. நீங்கள் நாளைக்கே நாலு பர்னர் அடுப்பு வாங்கி வந்து வைத்தாலும் எந்த வார்டு அலுவலகத்திலும் ஒரு மனு கொடுக்கத் தேவையில்லை.

இதன் பின்னால் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. ஒன்று, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 2000-ல் போட்ட எல்பிஜி வழங்கல், விநியோக ஒழுங்குமுறை ஆணை. வீட்டுக் கேஸை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இஷ்டத்துக்குக் கைமாற்றக் கூடாது என்பதெல்லாம் இதில்தான் வருகிறது. இன்னொன்று 2016-ன் கேஸ் சிலிண்டர் விதிகள், வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருவது, நாக்பூரில் தலைமையிடம் கொண்ட பெசோ என்ற துறை பார்ப்பது. 100 கிலோ வரை எல்பிஜி வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்ற வரம்பு இதில் வருவதுதான். வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு வைத்திருக்கிற நமக்கு அதனால்தான் லைசென்ஸ் கேள்வியே எழுவதில்லை. அப்பார்ட்மென்ட்டில் கீழே சிலிண்டர்களை வரிசையாக வைத்து எல்லா வீட்டுக்கும் குழாய் இழுக்கிறார்களே, அங்கே அந்த 100 கிலோவைத் தாண்டிவிடும், அப்போது பில்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஃபிளாட் வாங்கும்போது கார் பார்க்கிங் பற்றிக் கேட்கிற நாம் இதைக் கேட்பதே கிடையாது.

சரி, சமையலறைக்குள் வருவோம்.

எல்லாருக்கும் அடிக்கடி வரும் வேலை டியூப் மாற்றுவது. அம்மாபேட்டையில் அம்மா வீட்டில் ஒருநாள் கேஸ் வாடை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்ல, அடுப்பை இழுத்துப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் சுவரோரமாக, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பி, டியூப் பாம்புச் சட்டை மாதிரி கிடந்தது. துணியில் துடைத்ததும் மேலே அச்சடித்திருந்த எழுத்து தெரிந்தது. தயாரித்த வருடத்தில் இருந்து கணக்குப் போட்டால் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இரண்டு விரலால் வளைத்தால் வெளி ரப்பரில் மெல்லிய கீறல்கள் வாய் திறந்தன. இந்த ஆரஞ்சு டியூப், உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்துச் செய்தது, சுரக்ஷா என்று சொல்வார்கள், இதற்கு ஆயுள் 5 வருடம். பழைய பச்சை டியூபைவிடப் பல மடங்கு உறுதி, எலி கடித்தாலும் சட்டென்று அறுபடாது என்பதால் எல்லாரும் இது என்றென்றைக்கும் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை சிலிண்டர் வந்து போயிருக்கும்! கொண்டு வந்த ஒருவர்கூட அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. அது அவர்கள் குற்றம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன், வாசலில் சிலிண்டரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கமும்.

இந்த டியூபை மாற்ற அனுமதி வேண்டுமா? வேண்டாம். ஏஜென்சியிலேயே வாங்கலாம், 1.5 மீட்டர் டியூப் 190 ரூபாயாக இருந்ததை எண்ணெய் நிறுவனங்கள் 150 ரூபாயாகக் குறைத்தன. சிலிண்டர் கொண்டு வரும்போதே அடிப்படைப் பாதுகாப்புச் சோதனை இலவசமாகச் செய்து தர வேண்டும் என்றும் அப்போதே சொன்னார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. கடையில் வாங்கினால் ஐஎஸ் 9573 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது. அடுப்பு அந்த மூலை, சிலிண்டர் இந்த மூலை என்று சமையலறை இருந்தால் இரண்டு டியூபை ஒட்டுப் போட்டு நீட்டுவது, சுவரில் ஓட்டை போட்டு வெளியே இருக்கும் சிலிண்டருக்கு இழுப்பது, இரண்டும் கூடாது. சுவருக்குள் போகும் டியூபில் கீறல் விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, அவ்வளவுதான் காரணம்.

ரெகுலேட்டர் கதை வேறு. அது உங்கள் சொத்து இல்லை என்பதால் அதை நீங்களும் பிரிக்கக் கூடாது, தெரு மெக்கானிக்கும் பிரிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெயிலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும், மேட்டூர் வெயிலில் ஒரு மாதிரி, மார்கழியில் ஒரு மாதிரி. அதை எப்போதும் ஒரே மாதிரி, ஏறத்தாழ 30 மில்லிபார் அளவுக்கு இறக்கி அடுப்புக்குக் கொடுப்பதுதான் அந்தச் சின்ன டப்பாவின் வேலை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். சவ்வு கிழிந்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கேஸ் கசியும். அதை எம்-சீல் வைத்து அடைக்கிற பிரகஸ்பதிகளை நானே பார்த்திருக்கிறேன், அந்த ஓட்டை காற்று போய்வரத்தான் இருக்கிறது, அடைத்தால் அழுத்தம் கட்டுப்படாது. செய்ய வேண்டியது, இணைப்பு எடுத்தபோது கொடுத்த சந்தா வவுச்சரைத் தேடி எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போவது. தானாகப் பழுதானது என்றால் கட்டணம் இல்லாமல் மாற்றித் தர வேண்டும். நீங்கள் கீழே போட்டு உடைத்தது, தொலைத்தது என்றால் எழுதிக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். 2022 ஜூனில் ரெகுலேட்டர் டெபாசிட்டை 150-ல் இருந்து 250 ரூபாயாகவும், 14.2 கிலோ சிலிண்டர் டெபாசிட்டை 1,450-ல் இருந்து 2,200 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். பழைய இணைப்புக்காரர்களிடம் வவுச்சரில் இருக்கும் தொகையைப் பார்த்தால் அந்தக் காலத்து ஞாபகம் வரும். பாத்திரக்கடையில் ரெகுலேட்டர் தொங்குகிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். அது இருப்பதே விதிப்படி செல்லாது.

அடுப்பு? முழுக்க உங்கள் விருப்பம். புது இணைப்பு எடுக்கும்போது "அடுப்பையும் எங்களிடமே வாங்குங்க" என்று ஏஜென்சியில் சொன்னால் கட்டாயம் இல்லை, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம், அதைப் பார்த்துச் சரி சொல்ல அவர்கள் சோதனைக் கட்டணம் மட்டும் வாங்கலாம். வீட்டு அடுப்புக்கான தரம் ஐஎஸ் 4246. அதன்படி கேஸில் இருக்கும் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சின்னக் கடைவீதியில் பளபளவென்று கண்ணாடி மேல்தட்டோடு இருக்கும் எல்லா அடுப்பிலும் அந்த முத்திரை இருக்கும் என்று நம்ப வேண்டாம், திருப்பி அடியில் பாருங்கள்.

அடுப்பு ரிப்பேருக்கு வந்தால், பர்னர் தலையை மாற்றுவது, பர்னருக்குக் கேஸ் பீய்ச்சி வரும் துளையான ஜெட் அடைத்தால் ஊசியால் குத்தி எடுப்பது, இறுகிப்போன திருகைக் கழற்றி கிரீஸ் வைப்பது, இதற்கெல்லாம் எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அமெரிக்க விதியில் சொன்ன அந்த 'சின்ன உதிரிபாகம்' மாதிரிதான். ஆனால் ஜெட்டில் ஒரு விஷயம். அந்தப் பித்தளைத் துண்டில் இருக்கும் ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அவ்வளவுதான். தெருவில் "கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று கூவிக்கொண்டு வருகிறவர் தடித்த கம்பியை விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகிவிடும். தீ பெரிதாக எரியும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், ஒரு வாரத்தில் பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். மஞ்சள் தீ, கரி, இரண்டும் காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரிகிறது என்பதன் அடையாளம். பிறகு அந்த அடுப்புக்கு 68-ம் இல்லை, 58-ம் இல்லை.

இப்போது சேலத்துக்கே உரிய ஒரு சிக்கல். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. முன்னறையில் பட்டறை, பின்னறையில் சமையல். கொலுசுக் கண்ணிகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கக் கேஸ் வேண்டும். சமையல் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இடையில் ஒரு டி-ஜாயின்ட் போட்டால் ஒரு பக்கம் சாம்பார், ஒரு பக்கம் கொலுசு. இதில் இரண்டு தப்பு இருக்கிறது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2000-ம் ஆண்டு ஆணைப்படி குற்றம், அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் சிறைத்தண்டனை வரை போகும். அப்புறம் அந்த டி-ஜாயின்ட். ஒரு ரெகுலேட்டரில் இருந்து ஒரு டியூப், அது ஒரு அடுப்புக்கு, இதுதான் விதி. தொழிலுக்கு நீல நிற 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது, சின்ன வேலைக்கு முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டை மட்டும் பார்த்துக் கொடுக்கும் 5 கிலோ சிலிண்டரும் இருக்கிறது. விலை வித்தியாசம்தான் எல்லாரையும் சமையலறைச் சிலிண்டர் பக்கம் தள்ளுகிறது, அதைச் சொல்லாமல் சட்டம் மட்டும் பேசுவது நியாயம் இல்லை. கூலிக்கு ஊதுகிறவருக்கு ஒரு சிலிண்டருக்கு நூற்றுக்கணக்கில் மிச்சம் என்றால் அது அவர் வீட்டு அரிசி.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கே ஒரு தப்பு இருக்கிறது. மச்சான் ரிட்டயர் ஆன பிறகு வந்து இருப்பதற்காக ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருக்கிறார். சாவி என்னிடம். அங்கே இருக்கும் சிலிண்டர் எங்கள் சேலம் வீட்டு இணைப்பின் இரண்டாவது சிலிண்டர். காரின் டிக்கியில் படுக்கப் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் உருட்டிக்கொண்டு நானேதான் கொண்டு போனேன். ஏற்காட்டில் வார இறுதி வீடு வைத்திருக்கும் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்பதால் தப்பு என்றே தோன்றவில்லை. ஒரு இணைப்பு ஒரு பெயரில், ஒரு முகவரியில் பதிவாகிறது. வேறு ஊருக்குப் போனால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டிவி என்று சொல்லும் முடிவு வவுச்சரை எடுத்துக்கொண்டு போய் அங்கே புதிதாக இணைப்பு வாங்க வேண்டும். முகவரி ஏன் முக்கியம் என்பது விபத்து நடந்தால்தான் தெரியும். எண்ணெய் நிறுவனங்கள் நம்மிடம் தனியாகப் பிரீமியம் வாங்காமல் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரு பொது காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. எல்பிஜி விபத்தில் உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம் என்று ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. அந்தக் கடைசி 2 லட்சம் 'பதிவு செய்த முகவரியில்' நடந்த சேதத்துக்கு மட்டும். மச்சான் வீட்டில் ஏதாவது ஆனால் அந்தச் சிலிண்டருக்கு அங்கே முகவரியே இல்லை.

அந்த வீட்டில் இன்னும் ஒன்று இருந்தது. குளியலறைக்குள் கேஸ் கீசர். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், டிசம்பரில் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது, கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் மலையில் கேஸ் கீசர் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறது. வீடு வாங்கியபோது உள்ளூர் ஃபிட்டர் ஒருவர் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். சமையலறை டியூபில் டி-ஜாயின்ட், சுவரில் ஓட்டை, அந்தப் பக்கம் குளியலறையில் கீசர். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதற்கு யாரிடமும் கேட்க வேண்டுமா என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

கீசர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆளைக் கொல்வது நாம் பயப்படும் கசிவு அல்ல. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், அதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். எரிந்த பிறகு அந்த நாற்றம் இருக்காது. எல்பிஜி ஒரு பங்கு முழுசாக எரிய 25, 30 பங்கு காற்று வேண்டும். அடுப்பின் பெரிய பர்னரோடு ஒப்பிட்டால் ஒரு சாதாரண கீசர் அதைப்போல ஐந்தாறு மடங்கு கேஸை ஒரே நேரத்தில் எரிக்கிறது. அதை ஐந்துக்கு எட்டடிக் குளியலறையில் வைத்து, குளிர் வராமல் இருக்கக் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாம் சாத்திக்கொண்டு ஓடவிட்டால் சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கும், கேஸ் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்கு இறுக்கமாக இது உட்கார்ந்துகொள்ளும். லேசாகத் தலை சுற்றும், வெந்நீரின் சூட்டில் என்று நினைப்போம், கால் மடங்கிவிடும். மலையில் இன்னும் ஒரு கூடுதல்: 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தியே சேலத்தைவிடக் குறைவு, கடல் மட்டத்தோடு பார்த்தால் ஏழில் ஒரு பங்கு கிட்டக் குறைந்துவிடும். அதே அளவு அறையில் மூச்சுக்கும் தீக்கும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைவு.

அதனால் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் இருக்க வேண்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். அடுப்பு டியூபில் இருந்து டி-ஜாயின்ட் எடுக்கக் கூடாது. ஏஜென்சி மெக்கானிக் சோதனைக்கு வந்தால் எழுதிவைக்கும் முதல் குறை அதுதான். கலிபோர்னியாவில் பெர்மிட்டோடு வரும் இன்ஸ்பெக்டர் பட்டையை மட்டும் பார்க்கவில்லை. ஹீட்டரின் புகைக்குழாய் எங்கே போய் முடிகிறது, அறைக்குள் காற்று வர வழி இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். மச்சான் எரிச்சலோடு சொன்ன அந்தச் சோதனையை இங்கே கேட்காமலே வந்து செய்ய ஆள் கிடையாது. நாமாகக் கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறது, தானாக வருகிற ஆள் கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை என்று எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருப்பதுகூட, வீட்டில் ஆள் இல்லை, பிறகு வாருங்கள், இப்போது வேண்டாம் என்று நாம் திருப்பி அனுப்புவதில் பாதி போய்விடுகிறது. கட்டணம் வாங்க வந்தவர் என்ற சந்தேகம் வேறு.

கசிவின் கதையைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பர் 23 காலையில் கருங்கல்பட்டியில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஒரு சமையலறைச் சிலிண்டர், அடுத்தடுத்த வீடுகள் மொத்தமாக இடிந்து விழுந்தன, குறைந்தது ஐந்து பேர் போனார்கள். எல்பிஜி காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம், ஜன்னல் வழியாக மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். அறைக் காற்றில் இரண்டு சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே போதும், சுவிட்சின் பொறி பற்றவைத்துவிடும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், கசிவைப் பார்க்க வருவதற்குக் காசு கிடையாது. எண்ணைச் சிலிண்டர் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள், போனில் சேமித்து வைத்தால் அந்தப் பதற்றத்தில் எடுக்க வராது.

இன்னும் கொஞ்ச நாளில் இந்தக் கோடு இடம் மாறப் போகிறது. குழாய்க் கேஸ் வருகிறது. குழாய்க் கேஸ் விநியோக உரிமைக்காக 2018-ல் நடந்த 9-வது சுற்று ஏலத்தில் சேலம் மாவட்டம் இந்தியன் ஆயிலுக்குப் போனது. கொங்கு மாவட்டங்களின் வயல்கள் வழியாகக் குழாய் பதிப்பதை எதிர்த்து விவசாயிகள் நடத்திய போராட்டமும், 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழாயைப் பதிக்கும் அரசு நிறுவனமான கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் இதற்கு முந்தைய அத்தியாயம், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். சமையலறைக்கு வந்தால் என்ன மாறும் என்று மட்டும் பார்ப்போம். ரெகுலேட்டரோடு நின்ற கம்பெனி எல்லை, அடுப்புக்குப் பக்கத்து வால்வு வரை நீளும். மீட்டர், குழாய் எதையும் நகர்த்த அவர்கள் ஆளைத்தான் கூப்பிட வேண்டும், சமையலறையை இடித்துக் கட்டும்போது கொத்தனாரே குழாயை வளைத்து வைக்கிற வேலை நடக்காது. அடுப்பு அதேதான், ஆனால் ஜெட் மாற வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஒரு கன மீட்டருக்கு இருக்கும் வெப்பம் எல்பிஜியில் பாதிக்கும் குறைவு, வருகிற அழுத்தமும் 21 மில்லிபார்தான், அதனால் பெரிய ஓட்டை உள்ள ஜெட் வேண்டும். மாற்றாமல் எரித்தால் தீ மினுக்கும். மாற்றிய அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்காட்டில் சிலிண்டரில் மாட்டினால் முழ நீளத்துக்கு மஞ்சள் தீ. இணைப்புக் கொடுக்கும்போது ஜெட்டை மாற்றித் தருவது கம்பெனி டெக்னீசியன் வேலை, பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள்.

போன வாரம் மச்சான் மறுபடி பேசினார். பட்டையைச் சரியாகக் கட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டாராம். நான் ஏற்காட்டு வீட்டுக் குளியலறைப் படத்தை அனுப்பினேன், டி-ஜாயின்ட் தெரிகிற மாதிரி. பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு "எவ்வளவு ஆனாலும் சரி, முதல்ல அதைக் கழட்டு மாப்ள" என்று வந்தது. இணைப்பை ஏற்காட்டு முகவரிக்கே எடுக்க ஆதாரும் வீட்டு வரி ரசீதும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதுவரை அடுப்புக்கு ஐந்து கிலோ சிலிண்டர். என் சிலிண்டரைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.

கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்ட அதே ஃபிட்டர்தான் வந்தார், ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் வேறு யாரும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஏணியில் நின்றுகொண்டே கேட்டார், "நல்லாத்தானுங்க இருந்துச்சு, எதுக்குங்க வெளிய மாத்துறீங்க? கவர்ன்மென்ட்ல ஏதும் ரூல் வந்துருச்சுங்களா?"